பாண்டி பீச் மணல் எங்க போச்சு, யார் கைக்கு போச்சு

கேள்வி இதுதான்: "சின்ன வயசுல பாண்டி போனப்ப பீச் ரோட்டுல வெறும் கருங்கல்லுதான் இருந்துச்சு. போன மாசம் போனா காந்தி சிலைக்கு வடக்கால கொஞ்சம் மணல் இருக்கு. வீராம்பட்டினம் பக்கம் போனா மைதானம் மாதிரி மணல், ஆனா அங்க பாதி இடத்துல வேலி. ஒரே ஊர்ல ஏன் இப்படி? ஹார்பர்தான் காரணம்னு சொல்றாங்களே நிஜமா? இப்ப இருக்குற மணல்ல இறங்கி குளிக்கலாமா?"

ஹார்பர்தான் காரணம், அதுல சந்தேகமே வேணாம். ஆனா "ஹார்பர் மணலை அழிச்சிருச்சு"ன்னு எல்லாரும் சொல்றது தப்பு. ஒரு பிடி மணல் கூட அழியல. இடம் மாறுச்சு, அவ்ளோதான். இடம் மாறுனதுல எந்த ஊருக்கு கரை கிடைச்சுது, எந்த ஊருக்கு போச்சு, கிடைச்ச கரையில யாரை உக்கார விடுறாங்கங்கறதுதான் பாண்டியோட கடந்த 35 வருஷ கதை. கொஞ்சம் நீளமா சொல்றேன், டீ எடுத்துக்கோங்க.

மொதல்ல மணல் எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும். நம்ம கிழக்குக் கரையில அலை நேரா வந்து கரையில அடிக்கறதில்ல, கொஞ்சம் சாய்ஞ்சு வரும். சாய்ஞ்சு ஏறுற அலை மணலை ஒரு பக்கமா தள்ளிட்டு நேரா கீழ இறங்கும், அடுத்த அலை திரும்ப சாய்வா தள்ளும், இப்படி ஒவ்வொரு மணலும் ரம்பப்பல்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கரையோரமா போய்ட்டே இருக்கும். ஏறக்குறைய மார்ச்ல ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும் தெக்குல இருந்து வடக்கே போகும், வாடைக்காத்து மாசங்கள்ல வடக்குல இருந்து தெக்கே திரும்பும். தெக்குல இருந்து வர்ற ஓட்டத்தை கடலுக்குப் போறவங்க தெண்டின்னு சொல்லுவாங்க, வடக்குல இருந்து வர்றது வன்னி. அதாவது நம்ம எஞ்சினியருங்க கருவி வச்சு அளக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே இதுக்கு ரெண்டு பேரு இருந்துச்சு. வருஷக் கணக்கு பாத்தா வடக்கே போறதுதான் ஜாஸ்தி, மிச்சம் நிக்கறது சில லட்சம் கன மீட்டர். எவ்வளவுன்னு ஆய்வுக்கு ஆய்வு நம்பர் மாறும். சும்மா ஒரு அளவுக்கு 4 லட்சம்னு வச்சுக்குங்க. 10 கன மீட்டர் புடிக்கிற டிப்பர் லாரின்னா வருஷத்துக்கு 40,000 லோடு, தினம் நூறு லாரிக்கு மேல. ஒரு சத்தமும் இல்லாம, டீசல் செலவும் இல்லாம, கடல் இதை தினம் பண்ணிட்டு இருக்கு. கரையில கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் ஆறு ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டா சரியா இருக்கும்.

இப்ப 1986க்கு வாங்க. அரியாங்குப்பம் ஆறு கடல்ல சேர்ற இடத்துல, தேங்காய்த்திட்டு ஹார்பருக்காக, ரெண்டு கல்சுவரை கடலுக்குள்ள நீட்டுனாங்க. 1989 வாக்குல வேலை முடிஞ்சுது. முகத்துவாரம் மண்ணு மூடாம இருக்கணும், படகு பத்திரமா உள்ள வரணும், நோக்கம் நியாயமானதுதான். ஆனா அந்த ரெண்டு சுவரும் போய் நின்னது மணல் ஆத்துக்கு குறுக்க. ஆத்துக்கு குறுக்க அணை கட்டுனா என்ன ஆகுமோ அதேதான் ஆச்சு, தெக்குப் பக்கம் வீராம்பட்டினம் சைடுல மணல் சேர்ந்துகிட்டே போச்சு, வடக்குப் பக்கம் சப்ளை நின்னு போச்சு. கடலுக்கு ஹார்பர் கட்டுனது தெரியாது பாருங்க, அது வழக்கம்போல வடக்குல இருந்த மணலை இன்னும் வடக்கே எடுத்துட்டுப் போச்சு. வரவு நின்னு செலவு மட்டும் நடந்தா பேங்க் பேலன்ஸ் என்ன ஆகும்? சில வருஷத்துலயே பீச் ரோடு முன்னாடி இருந்த மணல் காலி.

இதுல எனக்கு எப்பவும் கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. இப்படி ஆகும்னு தெரியாம கட்டல. திட்டத்துலயே, தெக்குல சேர்ற மணலை வாரி பைப் வழியா வடக்குப் பக்கம் கொண்டு போய் கொட்டணும்னு இருந்துச்சு. அதாவது அணை கட்டுறோம், ஆனா ஆத்துத் தண்ணியை மோட்டார் வச்சு அந்தப் பக்கம் ஊத்திருவோம்னு சொல்லித்தான் கட்டுனாங்க. சுவர் நின்னுச்சு, மணலை மாத்துற வேலை ஒழுங்கா நடக்கல, அப்பப்ப கொஞ்சம் நடந்துச்சு அப்புறம் விட்டுருச்சு. காரணம் பெருசா ஒண்ணுமில்ல, சுவர் கட்டுறது ஒரு தடவை செலவு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணல் வாருறது வருஷா வருஷம் செலவு, அதுக்கு யாரு ரிப்பன் வெட்டப்போறா. கூத்து என்னன்னா அதை செய்யாததுனால ஹார்பருக்கும் நல்லது நடக்கல, முகத்துவாரம் திரும்பத் திரும்ப தூர்ந்து போய், படகு தட்டுது தூர்வாருங்கன்னு மீனவங்களே வருஷா வருஷம் போராட வேண்டியிருக்கு.

இது பாண்டிக்கு மட்டும் நடந்த புது விஷயம் இல்ல. சென்னை மெரினா எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? 1876ல மெட்ராஸ் துறைமுக வேலை ஆரம்பிச்சு, 1881ல புயல்ல அடிபட்டு, திரும்பக் கட்டுனாங்க. அதுக்குத் தெக்கால மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகலமாச்சு, கவர்னர் கிராண்ட் டஃப் 1880கள்ல அங்க உலாவறதுக்கு ரோடு போட்டு மெரினான்னு பேரு வச்சார். நாம பெருமையா சொல்ற அகலமான மணலோட மறுபக்கம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். அங்க கடல் உள்ள வந்துச்சு, தெருக்கள் போச்சு, இன்னைக்கும் கல்லு கொட்டிட்டுத்தான் இருக்காங்க. மெரினாவும் வடசென்னை கடலரிப்பும் ஒரே துறைமுகத்துக்குப் பொறந்த ரெட்டைப் புள்ளைங்க. ஒண்ணை போஸ்ட்கார்டுல போட்டோம், இன்னொண்ணை மறந்துட்டோம். நூறு வருஷம் முன்னாடியே கண்ணு முன்னாடி நடந்த பாடம் 150 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் பாண்டியில அதே தப்பு நடந்துச்சு.

சரி, மணல் போனதும் ஊர் என்ன பண்ணுச்சு? கல்லு கொட்டுச்சு. பீச் ரோட்டுல பழைய காலத்துலயே ஒரு கரைச்சுவர் உண்டு, அதுக்கு முன்னாடி கருங்கல்லு போட்டு, அப்புறம் 2000களோட தொடக்கத்துல அதை நீட்டிக்கிட்டே போய் சுமார் 7 கிலோமீட்டருக்கு கல்சுவர் ஆயிருச்சு. ரோட்டைக் காப்பாத்துச்சா? காப்பாத்துச்சு. 2004 சுனாமியில நகரத்துக்குள்ள தண்ணி பெருசா வராம தடுத்ததும் அந்தக் கல்லுதான்னு பாண்டிக்காரங்க எல்லாரும் சொல்லுவாங்க, அது சரிதான். ஆனா கல்சுவர் கரையைக் காப்பாத்தாது, கரைக்குப் பின்னாடி இருக்கறதை மட்டும்தான் காப்பாத்தும். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். மணல்ல ஏறுற அலை மெல்ல சக்தி இழந்து திரும்பும், கல்லுல மோதுற அலை நல்ல வேகத்தோடயே திரும்பி அடியில இருக்குற மணலையும் தோண்டி எடுத்துட்டுப் போகும். அதனால கல்லு போட்ட இடத்துல மணல் தானா திரும்ப வர்ற வாய்ப்பு இன்னும் கொறையும். அதைவிட மோசம் கல்லு முடியற இடம், அங்க அரிப்பு இன்னும் ஜாஸ்தி ஆகும்.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர்னு வரிசையா வடக்கே போங்க, அதுக்கு அப்புறம் யூனியன் பிரதேச எல்லை முடிஞ்சு தமிழ்நாட்டு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரும். இந்த வரிசையிலேயே பிரச்சனையும் நகர்ந்துச்சு. ஒரு ஊருக்கு கல்லு போட்டா அடுத்த ஊர்ல வீடு விழும், அடுத்த ஊர்க்காரங்க ரோட்டுல உக்காந்து மறியல் பண்ணுவாங்க, அங்கயும் கல்லு வரும், அதுக்கு அடுத்த ஊர். கடல் எல்லையைப் பாக்காது, ஆனா ஃபைல் பாக்கும். புதுச்சேரி ஹார்பர்னால தமிழ்நாட்டு ஊர்ல மண்ணு போனா எந்த ஆஃபீஸ் பொறுப்புன்னு யாருக்கும் தெரியாது. கல்லுக்கு அப்புறம் தூண்டில் வளைவு வந்துச்சு, அதாங்க கடலுக்குள்ள நீட்டிப் போடற கல் பாலம் மாதிரி. அது என்ன பண்ணும்னு இப்ப நீங்களே சொல்லிருவீங்க, குட்டி ஹார்பர் மாதிரிதான், தெக்கு சைடுல கொஞ்சம் மணல் புடிக்கும், வடக்கு சைடுல பசி. ஊர்க்காரங்களே தூண்டில் வளைவு வேணும்னு கேக்கறாங்களேன்னு அதிகாரிங்க சொல்லுவாங்க. வீட்டு வாசல்ல கடல் நிக்கும்போது யாரு பத்து வருஷம் தள்ளி யோசிப்பா, அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது.

இங்க "பீச் போச்சு"ன்னா நம்மளை மாதிரி சனி ஞாயிறு வர்ற ஆளுங்களுக்கு போட்டோ எடுக்க இடம் போச்சு, அவ்ளோதான். குப்பத்துக்காரங்களுக்கு கரைங்கறது வேலை செய்யற இடம். கட்டுமரத்தையும் ஃபைபர் போட்டையும் இழுத்துப் போடணும், வலை ஒணத்தணும், கிழிஞ்ச வலையை உக்காந்து தைக்கணும், கருவாடு காயவைக்கணும், மீன் ஏலம் போடணும். கரைவலை இழுக்கறதுக்கு ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு இழுக்க நீளமா மணல் வேணும், கல்லு மேல நின்னு கரைவலை இழுக்க முடியாது. அதனால மணல் போன ஊர்ல அந்தத் தொழிலே நின்னுபோகும், சட்டம் போட்டு யாரும் தடை பண்ணல, நிக்க இடம் இல்ல, அவ்ளோதான். கல்லுல போட்டை ஏத்த முடியாதவன் வேற ஊர் கரையிலயோ ஹார்பர்லயோ போய் கட்டணும், அதுக்கு தினம் வண்டிச் செலவு. மணல்மேடு பிடிச்சு வச்சிருந்த நல்ல தண்ணியும் போய் கெணத்துல உப்பு ஏறும். ஆமைக்கு முட்டை போட இடம் இல்ல. அலைவாய்க்கரைன்னு அவங்க சொல்றது அலை வந்து போற அந்த ஈரமும் உலர்ந்ததும் சேர்ந்த பட்டைதான். ரெவின்யூ ரெக்கார்டுல அதுக்குப் பேரு புறம்போக்கு. புறம்போக்குன்னா யாருக்கும் சொந்தமில்லாத வெத்து நெலம்னு நாம திட்டுற வார்த்தையா ஆக்கிட்டோம், நிஜத்துல அது எல்லாருக்கும் பொதுவான நெலம்.

சரி இதெல்லாம் மணல் போன பக்கம். மணல் சேர்ந்த பக்கம் என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கறதில்ல, நீங்க கேட்டிருக்கீங்க, சந்தோஷம். வீராம்பட்டினம், சின்ன வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமா ஆனதும் அங்க டூரிசம் வந்துச்சு. சின்ன வீராம்பட்டினத்துல ஈடன் பீச்சுக்கு 2021ல ப்ளூ ஃப்ளாக் கிடைச்சுது, அதே சமயத்துல நம்ம சென்னைகிட்ட இருக்குற கோவளத்துக்கும் கிடைச்சுது. ப்ளூ ஃப்ளாக்னா டென்மார்க்ல இருந்து குடுக்கற சான்றிதழ், 33 அளவுகோல் இருக்கு, தண்ணி டெஸ்ட் பண்ணணும், டாய்லெட், லைஃப்கார்டு எல்லாம் இருக்கணும். கெட்டது இல்ல, பொம்பளைங்க நிம்மதியா ட்ரெஸ் மாத்த ஒரு ரூம் இருக்கறது நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் கோட்டுக்குள்ள கருவாடு காயாது, வலை கிடக்காது. வேலி போட்டு லைட்டு போட்டு நிழற்குடை நட்டுட்டா அது பாக்கறதுக்கு பொதுக் கரைதான், ஆனா எந்தப் பொதுமக்கள்ங்கற கேள்வி இருக்கு. இன்னும் கொஞ்சம் தெக்கே பாரடைஸ் பீச்சுக்கு சுண்ணாம்பாறுல டிக்கெட் வாங்கி படகுல போறதுதான் வழக்கம். வடக்குல ஹார்பர் சுவருக்கும் பழைய பாலத்துக்கும் நடுவுல, வம்பாகீரப்பாளையம் பக்கம், பாண்டி மெரினான்னு கடை கண்ணியோட இன்னொண்ணு. இந்தப் பழைய பாலம், அதாவது கடலுக்குள்ள நீட்டுன கப்பல் துறைப் பாலம், 1962 வாக்குல கட்டுனது, சினிமாவுல எல்லாம் வரும், 2022 மார்ச்ல பாதி இடிஞ்சு விழுந்துச்சு.

ஆக கணக்கு எப்படி ஆயிருச்சுன்னா, மணல் இல்லாத பக்கம் கல்லு நம்மளைத் தடுக்குது, மணல் இருக்குற பக்கம் வேலி தடுக்குது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டா, பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. கடற்கரை, ஆறு, காத்து இதெல்லாம் மக்களுக்காக அரசாங்கம் பாதுகாத்து வச்சிருக்கறது, தனியாருக்கு தூக்கிக் குடுக்கற சொத்து இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர்லயே இமாச்சலத்து பியாஸ் ஆத்தங்கரை ரிசார்ட் வழக்குல சொல்லிருச்சு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991ல வந்து, 2011ல மாறி, 2019ல திரும்ப மாறுச்சு. கிராமப்பகுதியில கடல் மேலேறுற கோட்டுல இருந்து 200 மீட்டர் கட்டடம் கட்டக்கூடாதுன்னு இருந்ததை, 2019ல, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல இருக்குற ஊருன்னா 50 மீட்டர் போதும்னு சுருக்கிட்டாங்க. கடல் வருஷா வருஷம் உள்ள வர்ற ஊர்ல 50 மீட்டர்ங்கறது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல. நம்ம ஈசிஆர் சைடுல நெருக்கமா இருக்குற குப்பங்கள்தான் இந்த 50 மீட்டர் கணக்குல வரும். வீடு கட்டிக்க மீனவருக்கு உதவும்னு சொன்னாங்க, உதவலாம், ஆனா அதே 50 மீட்டர்ல கெஸ்ட் ஹவுஸும் வரும், "கடல் பாத்த ரூம்"னு வாடகை விடறதுக்கு குப்பத்து வீட்டை வாங்க ஆள் வரிசையில நிக்குது. தந்திராயன்குப்பத்தை செரினிட்டி பீச்னு சொன்னாத்தான் இப்ப ஆட்டோக்காரருக்கே தெரியுது, பேரு மாறுனாலே பாதி கைமாறுன மாதிரிதான்.

இப்ப காந்தி சிலை பக்கம் நீங்க பாத்த புது மணலுக்கு வர்றேன். அது தானா வந்ததில்ல. பாண்டிகேன் மாதிரி குடிமக்கள் அமைப்புங்க ரொம்ப வருஷமா கத்திக் கத்தி, மணல் ஓட்டத்தைத் திரும்பக் குடுங்கன்னு கேட்டாங்க. சென்னையில இருக்குற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு டிசைன் போட்டு, 2018ல தலைமைச் செயலகத்துக்கு நேர் எதிர்ல தண்ணிக்குள்ள ஆப்பு வடிவத்துல பெரிய இரும்புப் பெட்டி ஒண்ணை இறக்குனாங்க, கிட்டத்தட்ட 60 மீட்டருக்கு 50 மீட்டர் சைஸ், நூத்துக்கணக்கான டன் எடை. மேல தெரியாது. பெரிய அலை அது மேல மோதி ஒடைஞ்சு வலு கொறைஞ்சு கரைக்கு வரும், கரைக்கு வர்ற மணல் தங்கும். கூடவே ஹார்பர்ல தூர்வாருன மணலையும் கொண்டு வந்து கொட்டுனாங்க. சில மாசத்துலயே மணல் சேர ஆரம்பிச்சுது, முப்பது வருஷம் கழிச்சு பீச் ரோட்டுல புள்ளைங்க மணல்ல ஓடுனதைப் பாத்து பழைய ஆளுங்க கண்ணு கலங்குனது நானே பாத்தது.

கல்லு கொட்டறதுக்கு இது எவ்வளவோ மேல், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா இதையும் கொஞ்சம் நிதானமா பாக்கணும். திட்டப்படி வடக்குல ஒண்ணு, தெக்குல பாலத்துகிட்ட இன்னொண்ணு, ரெண்டும் சேர்ந்து நடுவுல இருக்குற கரையைப் புடிக்கணும். வடக்கு ஒண்ணுதான் அப்ப இறங்குச்சு. சேர்ந்த மணலும் சீசனுக்கு சீசன் கூடும் கொறையும், வடகிழக்குப் பருவமழை சமயத்துல போய்ப் பாத்தீங்கன்னா "எங்கடா மணல்"னு கேப்பீங்க. அப்புறம் முக்கியமா, பீச் ரோடு முன்னாடி மணல் தங்குனா அதுக்கு வடக்கே போறது அந்த அளவுக்குக் கொறையுந்தானே. ஹார்பர்கிட்ட இருந்து மணலை வருஷா வருஷம் மாத்திக் குடுத்துட்டே இருந்தாத்தான் வைத்திக்குப்பமும் கோட்டக்குப்பமும் பசியில்லாம இருக்கும். அதை விட்டுட்டு வெள்ளைக்கார வீதிக்கு முன்னாடி மட்டும் மணல் காட்டுனா, வீட்டு ஹாலை மட்டும் கூட்டி வச்ச மாதிரிதான். டூரிஸ்ட் நிக்கற இடத்துக்கு இரும்புப் பெட்டி, குப்பத்துக்கு கருங்கல்லுங்கற பிரிவினை எனக்கு உறுத்துது.

நாடு முழுக்க எவ்வளவுன்னு கேக்கறவங்களுக்கு ஒரு நம்பர். தேசிய கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990ல இருந்து 2018 வரைக்கும் சாட்டிலைட் படம் வச்சுப் பாத்ததுல இந்தியக் கடற்கரையில 33.6 சதவீதம் அரிப்புல இருக்கு, தமிழ்நாட்டுல 42.7, புதுச்சேரியில 56.2. புதுச்சேரின்னா காரைக்கால் மாதிரி மத்த பகுதிகளையும் சேத்துதான், பாண்டி டவுன் மட்டும் இல்ல, அதைக் கலந்துக்காதீங்க.

நேர்ல பாக்கணும்னா ஒரு ஐடியா சொல்றேன், ஜூலை மாதிரி தெண்டி ஓடற மாசத்துல தந்திராயன்குப்பம் போய் ஒரு தூண்டில் வளைவு மேல ஏறி நில்லுங்க. வலது கை பக்கம், அதாவது தெக்கால, மணல் கல்லு ஒசரத்துக்கு வந்து நிக்கும், பசங்க கிரிக்கெட் ஆடிட்டு இருப்பாங்க. இடது கை பக்கம் பாருங்க, கரை பின்னாடி வாங்கி இருக்கும், போட்டை இழுக்க இடமில்லாம ரோட்டு வரைக்கும் ஏத்தி வச்சிருப்பாங்க. கடலைப் பாத்து நிக்கணும், அப்பதான் வலது இடது சரியா வரும்.

குளிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. பீச் ரோட்டுல வேணாங்க. மணல் இருக்கறதுனால மெரினா மாதிரின்னு நெனச்சு இறங்குறாங்க. தண்ணிக்கு அடியில பழைய கல்லு கிடக்கும், கரை சட்டுனு ஆழமாகும், உள்ள இழுக்கற ஓட்டமும் உண்டு, நல்லா நீச்சல் தெரிஞ்ச பசங்களே போயிருக்காங்க. காலு நனைச்சுட்டு வந்துருங்க. சாயங்காலம் 6 மணிக்கு மேல அந்த ரோட்டுல வண்டி விடமாட்டாங்க, அப்ப போனா நிம்மதியா நடக்கலாம், அதுக்கு இன்னும் டிக்கெட் போடல.